பராநகரில் மூன்று நாள்

யாத்திரை என்றதும் எம்மவர்க்கு முதலில் நினைவில் எழுவன காசியும் சிதம்பரமும் திருக்கேதீச்சரமும் கதிர்காமமுமேயாம். அத்தகைய யாத்திரைகள் சிலவற்றை நாமும் மேற்கொண்டதுண்டு. ஆயின் சென்ற தை மாதத்தில் நாம் மேற்கொண்ட பிரயாணம் அவற்றினின்றும் சற்று வேறுபட்டது. தலத்தையோ தீர்த்தத்தையோ தேடிச் சென்றதன்று அது. எண்களைத் தேடிச் சென்றது. கல்கத்தா நகரின் வடபால், ஊக்ளி நதிக்கு அண்மையில், பராநகர் என்னும் பகுதியில் அமைந்துள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தில், ஆராய்ச்சியாளர்களுக்கென நிகழ்ந்த மூன்று நாள் மாநாடொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். தாம் திரட்டிய எண்களைக் கொண்டு மாதிரியுருக்களை அமைப்பது எவ்வாறு, அமைத்த மாதிரியுருவை எவ்வளவுக்கு நம்பலாம் என்பனவே அங்கு ஆராயப்பட்ட பொருள்கள்.

'கணிதம் படிப்பிக்கும் ஆசிரியருக்கு அங்கு என்ன வேலை?' என்று வீட்டிலும் கேட்டனர், கல்லூரியிலும் கேட்டனர். எம்மிடம் ஒரு கட்டுரை இருந்தது. பல ஆண்டுகளாக எமது வகுப்பிலே பின்தங்கிய மாணவருக்கு மாலை நேர விசேட வகுப்பு நடத்தி வந்தோம். அதன் பயனை எண்களால் நிறுவியுள்ளோம் என்னும் பெருமிதத்துடன் எழுதிய கட்டுரை அது. அதனை வாசிக்க எமக்குப் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பெட்டியில் உடுப்புகளுக்கு மேலே அக்கட்டுரையையே வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னையை அடைந்து, அங்கிருந்து ஹௌரா மெயிலில் ஏறினோம். விமானத்திலேயே கல்கத்தாவரை சென்றிருக்கலாம். எனினும் ஏறத்தாழ 1,660 கிலோமீற்றர் தூரத்தையும் நிலத்தின்வழி காணவேண்டுமென்னும் ஆசை வென்றது. இரவு கழிந்து விடிந்தபின் ஆந்திர நாட்டின் பனைகளும் நெல்வயல்களும் எமது ஊரையே நினைவூட்டின. பொழுது சாயும் வேளையில் கட்டாக் நகரை ஒட்டி மகாநதியைக் கடந்தோம். அதற்கப்பால் பிராமணி ஆறு வந்தது. மாரிகாலம் கழிந்தமையால் நீர் ஓரமாக ஒதுங்கி ஓட, வெண்மணல் நெடுகப் பரந்து கிடந்தது. இவ்வாறா ஊர்களை அழித்தது என்று நம்புவதே அரிது.

இந்த ஆற்றுக்கும் நாம் சென்றுகொண்டிருந்த நிறுவகத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1926 ஆம் ஆண்டில் பிராமணி பெருக்கெடுத்துப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை மேலும் உயர்த்துதல் வேண்டும் என எந்திரவியலாளர் கருதினர். அப்போது கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பித்துவந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் என்பாரிடம் இவ்விடயம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பல பத்தாண்டுக்கால மழைவீழ்ச்சிக் கணக்குகளையும் வெள்ளக் கணக்குகளையும் ஒப்பு நோக்கி, படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், கரையை உயர்த்துவதாற் பயனில்லை என்றும், ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்க வழி என்றும் காட்டினார். மகாநதியின் குறுக்கே 1957 இல் திறந்துவைக்கப்பட்ட ஹிராகுட் அணையின் பின்னணியில் அவரது ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. கண்ணுக்குப் புலனாவது ஒன்று. கணக்குக் காட்டுவது வேறொன்று. புகையிரதச் சாளரத்தின் அருகிலிருந்து அந்த மணற்பரப்பைப் பார்த்தபோது, இந்தப் பாடம் எமக்கும் விரைவில் வரப்போகின்றது என்று நாம் சற்றும் எண்ணவில்லை.

ஹௌரா நிலையத்தில் இறங்கியபோது நள்ளிரவு அணுகிக்கொண்டிருந்தது. 1943 இல் திறக்கப்பட்ட அந்தப் பெரும் இரும்புப் பாலத்தை ஒரு பழைய மஞ்சள் டாக்ஸியிலே கடந்தோம். 2001 முதல் நகரின் பெயர் கொல்கத்தா என மாறிவிட்டதாயினும், எமது நாவிலே கல்கத்தா என்பதே நிலைத்துவிட்டது. வாசகர் பொறுத்தருள்க.

மறுநாட் காலை பராக்பூர் நெடுவீதி வழியாக நிறுவகத்தை அடைந்தோம். வெளியே பஸ் வண்டிகளின் இரைச்சல்; வாயிலினுள்ளே மரநிழலும் குளமும் அமைதியும். நிறுவகத்தின் இலச்சினை ஓர் ஆலமரம். வேற்றுமைகளிடையே ஒருமையைக் காண்டல் என்னும் கருத்துடைய வடமொழி வாசகம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. புள்ளிவிபரவியலுக்கு இதனினும் சிறந்த விளக்கம் கிடைப்பதரிது. ஆயிரம் விழுதுகள் ஆயிரம் திசையில் இறங்கினாலும் மரம் ஒன்றே.

அந்த ஆலமரம் முளைத்த வரலாறு சுவையானது. மஹலனோபிஸ் 1915 இல் கேம்பிரிட்ஜில் பௌதிகவியற் படிப்பை முடித்து ஊர் திரும்ப ஆயத்தமானபோது, உலகப்போர் காரணமாகக் கப்பல் தாமதித்தது. அவ்வேளையில் ஆசிரியர் ஒருவர் 'பயோமெற்றிக்கா' என்னும் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளை வாங்கிய மஹலனோபிஸ் கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கினார். ஒரு கப்பல் பிந்தியதால் ஒரு நாட்டுக்கு ஒரு கலை வந்து சேர்ந்தது! பின்னர் தமது கல்லூரி அறையொன்றிலே சிறு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். 1931 டிசெம்பரில் அதுவே நிறுவகமாயிற்று. முதலாண்டுச் செலவு 250 ரூபாவிலும் குறைவு. 1933 இல் 'சங்க்யா' என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகை பிறந்தது. 1959 இல் இந்தியப் பாராளுமன்றச் சட்டமொன்று இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவகமாக்கியது.

இங்கு மாநாடு என்பதும் புதிதன்று. 1938 ஜனவரியில் முதலாவது இந்தியப் புள்ளிவிபரவியல் மாநாடு கல்கத்தாவிலே கூடியபோது, தலைமை வகிக்க இங்கிலாந்திலிருந்து வந்தவர் றொனால்ட் பிஷர். பயிர்ப் பரிசோதனைகளிலே எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை விருப்பப்படி தீர்மானியாது எழுமாற்றாகத் தீர்மானித்தல் வேண்டும் என வற்புறுத்தியவர் அவரே. 1941 இல் வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்து, தற்செயலாக இந்நிறுவகத்தைப்பற்றிக் கேள்வியுற்று இங்கேயே சேர்ந்த இளைஞர் சி. ஆர். ராவ். நான்கே ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று உலகப் பாடநூல்களிலெல்லாம் இடம்பெறலாயிற்று. 102 ஆண்டுகள் வாழ்ந்து 2023 இல் மறைந்தார். சென்னையிலே பிறந்த வரதன் தமது கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் இங்கேதான். 1962 இல் இங்கு வந்திருந்த ரஷ்யக் கணித மேதை கொல்மகோறொவ் அவருடைய ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களுள் ஒருவர். 2007 இல் வரதனுக்கு ஆபெல் பரிசு கிடைத்தபோது, எமது வகுப்பு மாணவர் அவரது படத்தைச் சுவரில் ஒட்டியது நினைவுக்கு வந்தது.

நிறுவகத்தினுள்ளே எம்மை வியப்பில் ஆழ்த்திய இன்னொன்று, புவிச்சரிதவியல் நூதனசாலையில் நிற்கும் ஒரு பிரமாண்டமான எலும்புக்கூடு. கோதாவரிப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த தொல்விலங்கினுடையது. அதன் ஒரு தொடையெலும்பே ஒரு மனிதன் உயரமிருக்கும். 'பெரிய கால்' என்னும் வங்கச் சொல்லையும் மகாகவி தாகூரின் பெயரையும் இணைத்து அதற்குப் பெயர் சூட்டியுள்ளனர். எண்களின் வீட்டில் எலும்புக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அளக்கக்கூடியது எதுவாயினும் தமது கலைக்கு உரியதே என்பது மஹலனோபிஸின் போக்கு. அவர் வாழ்ந்த 'அம்ரபாலி' என்னும் இல்லம் இன்று அவர் நினைவகமாக விளங்குகின்றது.

இனி மாநாட்டுக்கு வருவோம். மண்டபத்தில் நாம் ஏறத்தாழ அறுபது பேர். வைத்தியர், விவசாய ஆராய்ச்சியாளர், பொருளியலார், எம்மைப்போன்ற ஆசிரியர் எனப் பலரும் இருந்தனர். முதல்நாள் முழுவதும் மாதிரியுரு என்பதன் பொருளே விளக்கப்பட்டது. கோயில் எழுப்புமுன் சிற்பாசாரி படம் கீறுவார். அப்படத்திலே கல்லின் நிறமுமில்லை, கற்பூர வாசனையுமில்லை. ஆயினும் பாரத்தை எந்தத் தூண் தாங்கும் என்பதை அது சொல்லும். மாதிரியுருவும் அத்தகையதே. உலகை அது முழுதும் காட்டாது. எதனை விட்டோம் என்பதை மறவாதவனுக்கே அது பயன்படும்.

இரண்டாம் நாட் காலையில் வயது முதிர்ந்த வங்கப் பேராசிரியை ஒருவர் மேடைக்கு வந்தார். கையிலே ஒரு துணிப்பை. அதிலிருந்து ஆளுக்கொரு தாயக்கட்டையை வழங்கி, அனைவரையும் ஒருமுறை எறியச் சொன்னார். ஒன்று விழுந்தோர் ஒன்பது பேர். ஆறு விழுந்தோர் பதினொருவர். ஒன்று விழுந்தவரை எழுந்து நிற்கச் செய்து, 'உங்களுக்கு வெட்கமில்லையா? அடுத்தமுறை ஒழுங்காக எறியுங்கள்!' என்று கண்டித்தார். சபை சிரித்தது. பின்பு ஆறு விழுந்தவரை எழுப்பி, மற்றவரைக் கொண்டு கரகோஷம் செய்வித்தார். இரு சாராரும் மறுபடி எறிந்தனர். கண்டிக்கப்பட்ட ஒன்பதுபேரின் கூட்டுத்தொகை 31. இடை ஒன்றிலிருந்து மூன்றரைக்கு அணித்தாக உயர்ந்துவிட்டது. பாராட்டப்பட்ட பதினொருவரின் கூட்டுத்தொகை 36. இடை ஆறிலிருந்து மூன்றேகாலுக்கு இறங்கிவிட்டது. அம்மையார் மிக அமைதியாகக் கூறினார்: 'பார்த்தீர்களா, கண்டிப்புப் பலன் தருகின்றது, பாராட்டுக் கெடுக்கின்றது. இவ்வாறே உலகிற் பலர் நம்புகின்றனர்.'

மண்டபம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

இது பழைய உண்மைதான். 1886 இல் பிரான்சிஸ் கோல்ற்றன் என்பார் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் அளந்து கண்டது இது: மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் உயர்ந்தவரே, ஆயினும் பெற்றோரளவுக்கு அல்ல, மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வாறே பொது இடையை நோக்கி நெருங்குகின்றனர். இதனை இடையை நோக்கிய பிற்செலவு என்பர். இதனை நாமும் வகுப்பிற் கற்பித்திருக்கின்றோம். கரும்பலகையிற் கோடு கீறிக் காட்டியிருக்கின்றோம். ஆயினும் அந்தக் கோடு எமது மேசைமேலிருந்த புள்ளி இடாப்புக்குள்ளும் ஓடுகின்றது என்பதை ஒருநாளும் எண்ணவில்லை.

தேநீர் இடைவேளையில் எமது கட்டுரையை அவ்வம்மையாரிடம் கொடுத்தோம். அவர் நின்றபடியே வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: 'மேல்மட்டத்து மாணவருக்கு என்ன நேர்ந்தது?'

எமது கணக்கு இதுதான். மாணவர் 90 பேர். வகுப்பின் இடைப்புள்ளி 50. அடிமட்டத்து 30 பேரின் இடை முதலாந் தவணையில் 28. அவர்களுக்கு விசேட வகுப்பு நடத்தினோம். அடுத்த தவணையில் அவர்களது இடை 40. பன்னிரண்டு புள்ளி உயர்வு! இதுவே எமது வெற்றி. மேல்மட்டத்து 30 பேரையோ நாம் கட்டுரையிற் சேர்க்கவேயில்லை. அன்றிரவு விடுதியறையில் இடாப்பைத் திறந்து பார்த்தோம். அவர்களது இடை 74 இலிருந்து 64 க்கு இறங்கியிருந்தது. வகுப்பின் இடையோ மாறவில்லை.

மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்து நீங்களும் செய்து பாருங்கள். ஒருவன் பெறும் புள்ளி இரு கூறுகளாலானது எனக் கொள்வோம். ஒன்று அவனது ஆற்றல். மற்றையது அன்றைய நாளின் ஏறுமாறு. மாதிரியுரு எழுதுவோர் இப்பின்னையதை 'வழு' என்பர். எமது இரு தவணைப் புள்ளிகளுக்கிடையே இருந்த இணைபின் அளவு 0.6, புள்ளிகளின் பரம்பலோ இரு தவணையிலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே இடையிலிருந்து 22 புள்ளி கீழே நின்ற கூட்டம், எவரும் எதுவும் செய்யாதிருப்பினும், அடுத்தமுறை 22 இன் 0.6 பங்காகிய 13 அளவே கீழே நிற்கும் என எதிர்பார்க்கலாம். அதாவது 28 என்பது தானாகவே 37 ஆகும். எமது பன்னிரண்டில் ஒன்பது புள்ளியை நாம் ஈட்டவில்லை, எழுமாற்று ஈந்தது. எஞ்சிய மூன்றோ, 30 பேர் கொண்ட கூட்டத்திலே தற்செயலாகவும் தோன்றக்கூடிய சிறு அளவு. மேல்மட்டத்தார் 74 இலிருந்து 64 க்கு வந்ததும் இதே கணக்கின்படிதான். அவர்கள் கெட்டுப்போகவில்லை.

கட்டுரை போனது பெரிதன்று. அவ்விரவிலே எமது உறக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. எமது மாணவன் ஒருவன் முதலாந் தவணையில் 92 பெற்றான். வகுப்பின் முன்னிலையிற் புகழ்ந்தோம். அடுத்த தவணையில் அவன் பெற்றது 71. 'புகழ்ச்சி தலைக்கேறிவிட்டது' என்று அதே வகுப்பின் முன்னிலையில் ஏசினோம். அன்றுமுதல் அவன் கை உயர்த்திக் கேள்வி கேட்டதில்லை. அந்த நிகழ்ச்சிக்குப்பின் எவரையும் புகழ்வதையே குறைத்துக்கொண்டோம். ஏசினாற் புள்ளி ஏறுகின்றது, புகழ்ந்தால் இறங்குகின்றது என்பதற்கு எமது இடாப்பே சாட்சி என்று இளம் ஆசிரியருக்கும் உபதேசித்தோம். சாட்சி பொய் சொல்லவில்லை; கேட்டவரே பிழையாக விளங்கிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் எமது முறை வந்தது. கட்டுரையை மீளப்பெற்றுக்கொள்ளலாமா என எண்ணாமலில்லை. எனினும் கறுப்புப் பேனையால் வெட்டித் திருத்தியதையே வாசித்தோம். 'விசேட வகுப்பின் பயன்' என்னும் தலைப்பை 'விசேட வகுப்பின் பயனை நாம் எவ்வாறு பிழையாகக் கணித்தோம்' என மாற்றினோம். வகுப்பு வீண் என்பதும் எமது முடிபன்று. பயனுண்டோ இல்லையோ என்பதை இந்தக் கணக்குச் சொல்லாது என்பதே முடிபு. அறிவதற்கு வழி யாது என ஓர் இளம் வைத்தியர் கேட்டார். பின்தங்கியோரைத் திருவுளச்சீட்டால் இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு இந்தத் தவணையும் மறு கூற்றுக்கு அடுத்த தவணையும் வகுப்பு நடத்துவதெனின், எவர்க்கும் அநியாயமில்லை, இரு கூறும் ஒன்றுக்கொன்று உரைகல்லாகும் என்றோம். முன்வரிசையிலிருந்த அம்மையார் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு, நாம் எதிர்பார்த்துச் சென்ற கரகோஷத்தினும் மேலானதாயிருந்தது.

அன்று மாலை தட்சிணேஸ்வரத்துக்குச் சென்றோம். ராணி ராஸ்மணி எழுப்பிய அக்காளிகோயில் 1855 இல் குடமுழுக்குக் கண்டது. இராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையில் சிறிது நேரம் அமர்ந்தோம். அவர் மறைந்தபின் 1886 இல் சீடர்கள் தமது முதல் மடத்தை அமைத்ததும் இதே பராநகரிற்றான். அச்சீடருட் தலைசிறந்தவராகிய விவேகானந்தர் 1897 இல் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி உரையாற்றியதை எம்மூர்ப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவருவர். படித்துறையில் அமர்ந்தபோது அக்கரையில் பேலூர் மடம் மங்கலாகத் தெரிந்தது. ஆரத்தி மணி ஒலித்தது. கையிலிருந்த மாநாட்டுக் குறிப்புப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து, அந்த மாணவனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அவன் இப்போது கொழும்பில் உத்தியோகம் பார்க்கின்றான். 'அன்று நாம் உன்னை ஏசியது பிழை. எமது கணக்கும் பிழை' என்பதே அதன் சாரம்.

ஊர் திரும்பி மூன்றாம் வாரம் பதில் வந்தது. நலம் விசாரித்தபின் அவன் எழுதியிருந்தான்: 'சேர், அந்தப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விடியும்வரை வெளி விறாந்தையில் இருந்துவிட்டுத்தான் பரீட்சைக்கு வந்தேன். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.'

அக்கடிதத்தைப் பலமுறை வாசித்தோம். மாதிரியுருவில் 'வழு' என்று ஓர் எழுத்தால் நாம் குறித்துவிடுவது, ஒரு வீட்டிலே விடியாத ஓர் இரவாக இருந்திருக்கின்றது. தொண்ணூறு பேருக்குக் கணக்குப் போடும்போது அதனை எழுமாற்று என்றே கொள்ளவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஒருவன் எம்முன்னே வந்து நிற்கும்போது, என்ன நடந்தது என்று கேட்கலாம். பராநகர் வரை சென்று நாம் கற்றுவந்தவை இவ்விரண்டுமே.

இந்தத் தவணை விசேட வகுப்புக்குத் திருவுளச்சீட்டுப் போட்டாயிற்று. சீட்டை எடுத்தவன் வகுப்பிலே மிக இளையவன். முடிவு வருடக் கடைசியிற் தெரியும். அதுவரை எமது மேசைமேல் இடாப்போடு ஒரு தாயக்கட்டையும் இருக்கும். புள்ளி குறைந்த ஒருவனை ஏச வாய் திறக்குமுன் அதனை ஒருமுறை உருட்டிப் பார்ப்பது இப்போது எமது வழக்கம்.